யாரோ என்று எழுதாத சீதேவிப்பிள்ளை

முற்றுப்புள்ளியை வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவார்கள். நம்பவேண்டாம். அதைக் கொண்டுவந்தவர் மட்டக்களப்பு வாவிக்கரையில் மேசை போட்டு மனு எழுதிய சீதேவிப்பிள்ளை. அவருக்கு முன் இந்த உலகத்தில் ஒருவரும் ஒரு பேச்சைப் பேசி முடித்ததே கிடையாது. ஆதாம் காலத்தில் தொடங்கிய வசனம் அவருடைய மேசைக்கு வந்துதான் நின்றது. அவர் காற்புள்ளி வைத்தால் வாவி மீன்கள் பாட்டை நிறுத்தி மூச்சு வாங்கும். அவர் முற்றுப்புள்ளி வைத்தால் கல்லடிப் பாலத்தில் போகிற பஸ் தானாக நிற்கும். ஏன் நின்றது என்று தெரியாமல் கொண்டக்டர் விசில் அடிப்பார்.

இவ்வளவு பெரிய ஆள் இருந்த இடம் ஒரு சைக்கிள் திருத்தும் கடையின் விறாந்தை. மேசைக்கு ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்குக் கீழே மடித்த பழைய டியூப் துண்டு. மேசைமேல் ஒரு கட்டுக் கடதாசி, நீலப் பேனை ஒன்று, சிவப்புப் பேனை ஒன்று, ஒரு கண்ணாடிப் போத்தல் நிறையப் புளியங்கொட்டை. போத்தலைக் கண்ட புதிய ஆட்கள் அம்மா பல்லாங்குழி ஆடுகிறவரோ என்று யோசிப்பார்கள்.

பதினாறு வருடம் படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்கே வயல் கிடக்கிற பக்கத்தில், ஓர் உப தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர் அவர். தொண்ணூறாம் ஆண்டு கந்தோர் எரிந்தது. எரித்தது இன்னார் என்று அவர் கண்ணால் காணவில்லை. ஆகவே அதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை. கந்தோரின் முத்திரைக் கட்டையை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வாவியைக் கடந்து நகரத்தில் தாய் சீதனமாகக் கொடுத்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

கந்தோர்க் காலத்தில் ஒரு தந்தி வந்தது. “வீட்டில் ஒருவர் காலமானார் உடன் வரவும்.” அந்தத் தந்திக்கு உரிய தாய்க்கு ஐந்து ஆண்பிள்ளைகள், ஐந்து பேரும் ஐந்து ஊரில். அந்த மனிசி ஒரு பகல் முழுவதும் கந்தோர் வாசலில் கிடந்து ஐந்து பேருக்கும் தனித்தனியாக ஒப்பாரி வைத்தார். பின்னேரம்தான் தெரிந்தது, செத்தது எண்பது வயது மாமனார். அன்றைக்கு சீதேவிப்பிள்ளை ஒரு சட்டம் போட்டார். ஒருவர், யாரோ, சிலர் என்கிற ஆட்கள் அவருடைய மேசைக்கு வரக்கூடாது. வருகிற ஆள் பெயரோடு வரவேண்டும்.

இன்னொரு சட்டமும் இருந்தது. ஒரு வசனத்துக்கு ஒரு சங்கதி. வசனம் முடிந்தால் புள்ளி. புள்ளி வைத்தால் அதற்கு ஒரு புளியங்கொட்டை. மனுவை எழுதி முடித்ததும், மனுக் கொடுக்கப் போகிறவர் எழுத்துத் தெரியாதவராக இருந்தால், கொட்டைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி அந்த வசனத்தை வாயால் சொல்லவேண்டும். ஆமி முகாமில் மனுவை வாங்கிவைத்துக்கொண்டு வாயால்தான் கேட்பார்கள். கடதாசி ஒன்று சொல்லி வாய் வேறொன்று சொன்னால் கதை முடிந்தது. அதற்காகவே வசனங்களை ஒரே சந்தத்தில், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று நிற்கிற மாதிரிக் கட்டுவார். கும்மி அடிக்கத் தெரிந்த பெண்ணுக்கு முதல் அடி வந்தால் இரண்டாவது தானாகக் கால் எடுத்துவரும் என்பார்.

பகிடிக்காரர்களும் அவரை விட்டுவைக்கவில்லை. ஒருநாள் யாரோ அவருடைய மேசையின் இழுப்பு லாச்சிக்குள் உயிரோடு ஒரு களப்பு நண்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு கொடுக்கும் நீல நைலோன் வலைநூலால் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கமாகக் கட்டியிருந்தது. கட்டாமல் விட்டிருந்தால் விரல் போயிருக்கும் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லவேண்டும். சீதேவிப்பிள்ளை கத்தவில்லை. நூலை அவிழ்த்துச் சுருட்டி லாச்சிக்குள் போட்டார். மறுநாள் விறாந்தைத் தூணில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. “நண்டு வந்தது. கறி ஆனது. ஒன்று போதவில்லை. அடுத்த முறை இரண்டு வைக்கவும்.” நாலு வசனம், நாலு புள்ளி. சைக்கிள் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் வாசித்துச் சிரித்தார்கள். ஒரு ஆளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணியில் ஒரு புதன்கிழமை காலை. உன்னிச்சையிலிருந்து அன்னப்பூரணி வந்தாள். இருபத்துநாலு வயது. கண் இரண்டும் அழுது வீங்கிக் காய்ந்துபோயிருந்தது. கையில் சுருட்டிய ஒரு மனு.

“வெள்ளிக்கிழமை லொறி வருதாம் அக்கா,” என்றாள். “புடிச்சி வெச்சிருக்கிற ஆக்கள தெற்குப் பக்கம் கொண்டுபோகப் போறாங்களாம். அங்க போனா ஆள் எங்க எண்டே தெரியாதாம்.”

அவளுடைய புருஷன் யோகராசாவை ஒன்பது நாளைக்கு முன் சோதனைச்சாவடியில் பிடித்திருந்தார்கள். வாவிக்கு இந்தப் பக்கம் ஆமி, அந்தப் பக்கம் இயக்கம். நடுவில் இருந்த சாவடியைக் கடக்காமல் ஒரு பனடோல் மாத்திரைகூட வாங்கமுடியாத காலம்.

“இது ஆர் எழுதின மனு?”

“வினாயகமூர்த்தி ஐயா. குடுத்து ஏழு நாளாச்சி. ஒரு பதிலும் இல்ல.”

சீதேவிப்பிள்ளை மனுவின் பிரதியை விரித்துச் சத்தமாக வாசித்தார். மேன்மை தங்கிய கருணைக்கடலாகிய அதிபதி அவர்களின் பொற்பாதங்களைச் சிரமேற்கொண்டு என்று தொடங்கியது, சூரியனையும் சந்திரனையும் சாட்சிக்கு அழைத்து, யோகராசாவின் பாட்டனார் காலத்துக்குப் போய், திரும்பி வந்து, இரண்டாம் பக்கத்தின் அடியில் போய் நின்றது. நிற்கமுன் சீதேவிப்பிள்ளைக்கு இருமல் வந்துவிட்டது.

“இதில புள்ளி எங்க கிளி?”

“வெக்கல்ல அக்கா. புள்ளி வெச்சா மரியாத குறைஞ்சிரும் எண்டார்.”

“அங்க இருக்கிற மொழிபெயர்ப்பாளன் ஒரு நாளைக்கு நாப்பது மனு பாக்கிறான்கா. மூச்சு முட்டினா கீழ வெச்சிருவான். உன்ட மனு கீழதான் கிடக்கும்.” நீலப் பேனையின் மூடியைக் கழற்றினார். “நீ சொல்லு. நான் கேக்கிறதுக்கு மட்டும் சொல்லு. ஆளப் புடிக்கக்குள்ள பையில என்ன இருந்த?”

அன்னப்பூரணி தரையைப் பார்த்தாள். “காய்ச்சல் மருந்து. சீனி. மறுகா… பற்றரி ரெண்டு.”

பற்றரி என்ற சொல் கேட்டதும் பக்கத்தில் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம் நின்றது. படுவான்கரைக்குப் பற்றரி கொண்டுபோவது தடை. ஒன்று கொண்டுபோனாலும் இயக்கத்துக்குக் கொண்டுபோகிறான் என்றுதான் எழுதுவார்கள்.

“பற்றரி ஆருக்கு?”

“வினாயகமூர்த்தி ஐயா எழுதியிருக்கார் அக்கா. யாரோ ஒருவர் வாங்கிவரச் சொன்னதன் பேரில் எண்டு.”

“ஐயா எழுதினத விடு. யாரோ எண்டவன் ஆரு?”

சீதேவிப்பிள்ளை பேனையைக் கீழே வைத்தார். அவசரப்படுத்தவில்லை. ஆனால் அவருடைய வலதுகால் மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்கூட முழுதாக இல்லை.

“நான்தான்,” என்றாள் அன்னப்பூரணி. சத்தமே வரவில்லை. “நான்தான் அக்கா கேட்ட. ஷெல் சத்தம் கேட்டா புள்ள வாய் மூடாம அழுறான். நீலம் பாரிச்சிப் போறான். றேடியோவப் பெரிசா வெச்சா நிண்டிருவான். பற்றரி முடிஞ்சி போச்சி. அவர் மாட்டன் எண்டுதான் சொன்னவர். நான்தான் சண்ட புடிச்சி அனுப்பின.”

“அப்ப அப்பிடியே எழுதுவம்.”

“ஐயோ, நான் எண்டு எழுதினா என்னயும் புடிப்பாங்க! மறுகா புள்ளைக்கு ஆரு?”

சீதேவிப்பிள்ளை வாவியைப் பார்த்தார். அவருக்கும் பயம்தான். அவர் எழுதிக்கொடுத்த வசனம் ஒரு பெண்ணை உள்ளே தள்ளினால், அந்த வசனத்தை வெட்டுகிற சிவப்புப் பேனை எந்தக் கடையிலும் இல்லை. ஆனாலும் அவர் கணக்கு வேறாக ஓடியது.

“கேளு கிளி. யாரோ எண்டு எழுதினா, அந்த யாரோ ஆரெண்டு உன்ட புருஷனிட்டத்தான் கேப்பாங்க. அவன் உன்ட பேரச் சொல்லமாட்டான். சொல்லாத வரைக்கும் கேப்பாங்க. எப்பிடிக் கேப்பாங்க எண்டு நான் உனக்குச் சொல்லத் தேவல்ல.”

அன்னப்பூரணி முந்தானையை வாயில் வைத்துக் கடித்தாள். பிறகு எடுத்தாள்.

“எழுதுங்க அக்கா. நான் எண்டே எழுதுங்க.”

மத்தியானத்துக்குள் முதல் பிரதி முடிந்தது. முடிந்த மனுவை நேரே கொடுத்துவிடுகிற ஆள் இல்லை சீதேவிப்பிள்ளை. பசாரில் துணிக்கடை வைத்திருந்த, அவர் காக்கா என்று அண்ணன் முறையில் அழைக்கிற காத்தான்குடி இப்றாஹிமைக் கூப்பிட்டு அனுப்பினார். இப்றாஹிம் பொலன்னறுவைக்குத் துணி மூட்டை ஏற்றிப் பழகியவர்; சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. தொண்ணூறுக்குப் பிறகு தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவே பேச்சு அறுந்த தெருக்கள் உண்டு. அந்தத் தெருக்களில் நடந்துதான் அவர் வருவார். வந்து, வசனம் வசனமாகச் சிங்களத்தில் சொல்லிப் பார்த்துவிட்டு, அதையே தமிழுக்குத் திருப்புவார். போன வசனம் அதே உருவத்தில் திரும்பி வந்தால் சீதேவிப்பிள்ளை தலையாட்டுவார். கைகால் முறிந்து வந்தால் திருத்துவார்.

இப்றாஹிம் ஏழாவது வசனத்தில் நின்றுவிட்டார்.

“தங்கச்சி, இது என்ன? உன் வீடு எங்கே என்று கேட்டார்கள். எனக்கு வீடு இல்லை என்று அவர் சொன்னார்.”

“ஓம் காக்கா,” என்றார் சீதேவிப்பிள்ளை. “சாவடியில பின்னால நிண்ட ஆள் காதால கேட்டதாம். அப்பிடித்தான் சொன்னவன்.”

“ஏன் அப்பிடிச் சொன்ன?”

“வேற எப்பிடிச் சொல்லுற?” என்றார் சீதேவிப்பிள்ளை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அன்னப்பூரணிக்கும் விளங்கவில்லை. அந்த வேளை பார்த்து, மதியச் சாப்பாட்டு கரியரோடு சீதேவிப்பிள்ளையின் புருஷன் இராசதுரை வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி. பேச்சில் பிரேக் கிடையாது.

“மச்சான், உங்கட ஊடு எங்க?” என்று இப்றாஹிம் கேட்டார்.

“எனக்கேது வீடு, உங்கட தங்கச்சிட வீட்டில ஒரு மூலையில கிடக்கிறன், அதுவும் மழைக்கு ஒழுகிற மூலை, கூரை மாத்துவம் எண்டா அது என்ட வீடு நீங்க கதைக்கப்படாது எண்டு…”

“போதும் மச்சான்.” இப்றாஹிம் சிரிக்கவில்லை. “நானும் இப்பிடித்தான் சொல்லுவன். எனக்கும் ஊடு இல்ல, பொண்டாட்டிட ஊடுதான். நம்மட பக்கத்தில தாயிட ஊடு மகளுக்குப் போற. மாப்பிள்ள அங்க போற. இது நமக்குத் தெரியும் தங்கச்சி. அந்த அதிகாரிட ஊர் காலியோ கண்டியோ. அடையாள அட்டையில கதிரவெளி எண்டு கிடக்கு, ஆள் உன்னிச்சையில இருந்து வாறான், வீடு எங்க எண்டா இல்ல எண்டுறான். பையில பற்றரி. கேக்கிறவனுக்குக் காட்டில இருந்து வாறவன் கதைக்கிற மாதிரித்தான் கேக்கும்.”

இராசதுரைகூட வாயை மூடிக்கொண்டார். ஊரில் எந்த ஆம்பிளையும் வாய்தவறாமல் சொல்கிற ஒரு பதில்தான் ஒன்பது நாளாக யோகராசாவை உள்ளே வைத்திருந்தது.

சீதேவிப்பிள்ளை பிரதியை இரண்டாகக் கிழித்தார். புதுக் கடதாசி எடுத்தார். இந்தமுறை பேனை நிற்காமல் போனது.

“என் கணவர் பிறந்தது கதிரவெளியில். என் கணவர் மணம் முடித்தது உன்னிச்சையில். அடையாள அட்டை எடுத்தது பிறந்த ஊரில். இப்போது வாழ்வது மணம் முடித்த ஊரில். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு உரியது. தாயின் வீடு மகளுக்குப் போகும். மகன் தன் மனைவியின் வீட்டுக்குப் போவான். ஆகவே மணம் முடித்த எந்த ஆணும் எனக்கு வீடு இல்லை என்றே சொல்வான். என் கணவருக்குச் சொந்த வீடு இல்லை. என் கணவருக்கு இருக்க வீடு உண்டு. அந்த வீடு என்னுடையது. அவர் கொண்டுவந்த மருந்து எங்கள் பிள்ளைக்கு. அவர் கொண்டுவந்த பற்றரி எங்கள் றேடியோவுக்கு. மருந்து கேட்டதும் நான். பற்றரி கேட்டதும் நான்.”

இப்றாஹிம் அதைச் சிங்களத்துக்கு அனுப்பித் திரும்ப வாங்கினார். ஒரு விரல்கூட முறியாமல் வந்தது.

“கலியாணம் முடிச்சதுக்குக் கடதாசி வேணும் தங்கச்சி,” என்றார் போகும்போது. “வாய்க்கு மட்டும் நம்பமாட்டான்.”

விவாகப் பதிவுச் சான்றிதழ் உன்னிச்சையில், றங்குப்பெட்டிக்குள். பிள்ளையும் அங்கேதான், அன்னப்பூரணியின் தங்கையோடு. அன்னப்பூரணி போய் எடுத்துக்கொண்டு திரும்பினால் வியாழன் மத்தியானம் ஆகும். மனு வாங்குகிற நேரம் காலை ஒன்பதோடு சரி. வசனங்களும் இன்னும் அவள் வாயில் ஏறவில்லை. சீதேவிப்பிள்ளை தங்கைக்கு ஒரு துண்டுக் கடிதம் எழுதினார். “அக்காவின் கலியாணப் பதிவை இதைக் கொண்டுவருகிறவரிடம் கொடு. நனையாமல் சுற்றிக் கொடு. உடனே கொடு.” கீழே அன்னப்பூரணியின் பெருவிரல் அடையாளம். அந்தப் பக்கம் போகிற ஆளைத் தேடி இராசதுரை பஸ் நிலையத்துக்கு ஓடினார். ஒருவரும் அகப்படவில்லை. வாலிபர்கள் அந்தப் பக்கம் போனால் இயக்கம் பிடித்துக்கொள்ளும். திரும்பி வந்தால் ஆமி பிடித்துக்கொள்ளும். ஆரைக் குறை சொல்ல?

துண்டுக் கடிதம் மேசையில் ஒரு கல்லுக்கடியில் இருந்தது. இரண்டு மணிக்குப் பார்த்தபோது கல் இருந்தது, கடிதம் இல்லை.

“காத்துக் கொண்டுபோயிட்டு போல,” என்றார் இராசதுரை.

“கல்லத் தூக்கிக் கடதாசிய எடுத்துப்போட்டுக் கல்லத் திருப்பி வெக்கிற காத்து,” என்றார் சீதேவிப்பிள்ளை. அன்று பின்னேரம் முழுவதும், அன்னப்பூரணி கொட்டை தள்ளிக்கொண்டிருக்க, அவர் அடிக்கடி எழுந்து தெருவைப் பார்த்தார். இரண்டு தரம் வசனத்தைத் தவறாகச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய சரித்திரத்தில் அப்படி நடந்ததில்லை.

“பிறந்தது கதிரவெளி… முடிச்சது உன்னிச்சை… அட்ட எடுத்தது…” அன்னப்பூரணி ஒன்பதாவது கொட்டையில் தடுக்கி விழுவாள். மறுபடி முதலிலிருந்து. இருட்டுவதற்குள் பதினைந்தும் அவள் வாயில் நின்றன. கொட்டைகளை ஒரு துணியில் முடிந்து அவளிடம் கொடுத்தார். “மேசைக்குக் கீழ கையில வெச்சிரு. ஒவ்வொண்டா நகர்த்து. கொட்ட முடிஞ்சா வாயையும் மூடு.”

வியாழன் காலை ஏழரை. சீதேவிப்பிள்ளை விறாந்தைக்கு வந்தபோது மேசைமேல் ஒரு பொலித்தீன் பாசல். உள்ளே சான்றிதழ், சொட்டு ஈரமில்லாமல். யாரோ ஒருவர் இரவு உன்னிச்சையில் தங்கி, சாவடி திறந்ததும் முதல் ஆளாகக் கடந்து, கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். பாசலைச் சுற்றி நீல நைலோன் வலைநூல், நாலு சுற்று. சீதேவிப்பிள்ளை நூலை வெட்டவில்லை. பொறுமையாக முடிச்சை அவிழ்த்தார், சுருட்டினார், லாச்சிக்குள் போட்டார்.

முகாமுக்குள் மனுக்காரியை மட்டும்தான் விட்டார்கள். சீதேவிப்பிள்ளையும் இப்றாஹிமும் வீதிக்கு எதிர்ப்பக்கம் வாகை மரத்துக்கடியில் நின்றார்கள். எட்டே முக்காலுக்கு அன்னப்பூரணி உள்ளே போனாள். ஒன்பதரை ஆனது. பத்து ஆனது. மற்ற மனுக்காரிகள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

“அவளையும் வெச்சிட்டாங்களோ காக்கா?”

“அல்லாஹ் இருக்கான். பொறுங்க.”

“நான் எண்டு எழுத வெச்சது நான்தானே.”

இப்றாஹிம் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

உள்ளே நடந்ததை அன்னப்பூரணி பிறகுதான் சொன்னாள். அதிகாரி மனுவை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்திருக்கிறார். அந்த ஆள் நின்றுகொண்டே, ஒரு தடங்கலும் இல்லாமல், ஒரே மூச்சாக அல்ல, பதினைந்து சின்ன மூச்சாகச் சொல்லிமுடித்திருக்கிறார். சான்றிதழை அதிகாரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதல் கேள்வியே அதுதான்.

“பற்றரி ஆர் கேட்ட?”

பதினைந்தாவது கொட்டை அவள் விரலுக்கு அகப்படவில்லை. ஆனாலும் வாய் திறந்தது. “நான்.”

“றேடியோவில என்ன கேக்கிற?”

இந்தக் கேள்விக்குக் கொட்டையே கிடையாது. கை துணிக்குள் துழாவியது. ஒன்றும் இல்லை. அவள் தானாகவே ஒரு வசனம் கட்டினாள். ஒன்று கட்டியதும் மற்றது தானாகக் கால் எடுத்துவந்தது.

“கொழும்பு றேடியோ, சினிமாப் பாட்டு. பாட்டுப் போனா புள்ள அழமாட்டான். பாட்டு நிண்டா புள்ள அழுவான்.”

அதிகாரி மனுவை மறுபடி எடுத்தார். வீட்டைப் பற்றிய வரியில் விரலை வைத்து மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். அதிகாரி அவரை மேலிருந்து கீழாக ஒருதரம் பார்த்தார். அந்த மொழிபெயர்ப்பாளரும் கல்குடாப் பக்கம் மனைவி வீட்டில் இருக்கிறவர் என்று ஒரு கதை உண்டு. நிச்சயமில்லை. அதனால் இதற்குமேல் அதை எழுதமுடியாது.

பதினொன்றேகாலுக்கு அன்னப்பூரணி தனியாக வெளியே வந்தாள். “நாளைக்கு வரச் சொன்னாங்க,” என்றாள். சான்றிதழைத் திருப்பித் தரவில்லை. நல்லதா கெட்டதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

வெள்ளி காலை லொறி வந்தது. வாசலுக்கு வெளியே நாற்பது ஐம்பது பெண்கள். ஒரு சிப்பாய் பட்டியலோடு வந்து பெயர் வாசித்தான். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஓரிடத்தில் ஒரு ஓலம் எழும்பும். பதினொரு பெயர். யோகராசா என்ற பெயர் வரவில்லை. லொறி பிடரியைக் காட்டிக்கொண்டு தெற்கே போனது. பின்னால் ஓடிய பெண்கள் ஓடி ஓடி நின்றார்கள். அன்னப்பூரணி சீதேவிப்பிள்ளையின் கையைப் பிடித்தாள்.

“பேர் இல்ல எண்டா விடுறாங்க எண்டா அக்கா? இல்லாட்டி… ஆளே இல்ல எண்டா?”

எல்லாவற்றுக்கும் வசனம் வைத்திருந்த சீதேவிப்பிள்ளையிடம் இதற்கு ஒரு வசனம் இல்லை. அவளுடைய கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறியது. இப்றாஹிம் வாங்கிவந்த சோடா கையிலேயே சூடாகியது.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் சிறிய கதவு திறந்தது. யோகராசா வந்தான். பெல்ட்டைக் கழற்றி எடுத்துவிட்டார்கள்; ஒரு கையால் சாரத்தைப் பிடித்திருந்தான். இடதுகால் சரியாக ஊன்றவில்லை. மற்றக் கையில் சான்றிதழ். வாசலில் நின்ற சிப்பாய் கொப்பியைத் திறந்தான், பேனையை எடுத்தான், கேட்டான்.

“கெதற கொஹெத?”

வீடு எங்கே. அதே கேள்வி. யோகராசா வாயைத் திறந்தான். மூடினான். வீதிக்கு அங்கால நின்ற பெண்சாதியைப் பார்த்தான்.

“உன்னிச்சை,” என்றான். “அந்தா நிக்கிறா. அவட வீடு.”

சிப்பாய் திரும்பி அன்னப்பூரணியைப் பார்த்தான். கொப்பியில் ஏதோ எழுதினான். போ என்று கையை ஆட்டினான்.

வீதியைக் கடந்து வந்தவனிடம் அன்னப்பூரணி முதலில் சொன்னது, “இனி றேடியோவும் வேணாம் ஒண்டும் வேணாம்,” என்பதுதான். அவன் சொன்னது, “புள்ளைக்குக் காய்ச்சல் விட்டிட்டா?” இரண்டு வசனமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. சீதேவிப்பிள்ளை திருத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் நெடுநேரம் துடைத்தார். கண்ணாடியில் தூசி ஒன்றும் இருக்கவில்லை.

இவ்வளவையும் எழுதியவன், சைக்கிள் கடையில் வேலை செய்கிற பொடியன், தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதினான். எழுதிய கொப்பியை, நண்டு வைத்த அதே லாச்சிக்குள், ஆள் இல்லாத நேரம் பார்த்து வைத்துவிட்டுச் சைக்கிள் கடைக்குள் போய் ஒரு சில்லைக் கழற்றிப் பூட்டி, கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தான்.

“இஞ்ச வா மருமகன்.”

போனான். கொப்பி திறந்திருந்தது. சிவப்புப் பேனையின் மூடி கழன்றிருந்தது.

“ஆதாம் காலத்து வசனம், பஸ் நிக்கிற கதை, அதெல்லாம் உன்ட புளுகு. கிடந்திட்டுப் போகட்டும்.” சீதேவிப்பிள்ளை இரண்டு பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். இரண்டிலும் யாரோ என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். “என்ட மேசைக்கு இந்த ஆள் வரப்படாது எண்டு நீயே எழுதியிருக்காய். நீயே ரெண்டு தரம் கூட்டிக்கொண்டு வந்திருக்காய். ஆரு இவன்?”

“தெரியாது மாமி.”

“நண்டக் கட்டின நூல் என்ன நிறம்?”

“நீலம்.”

“பாசலக் கட்டின நூல்?”

அவன் சில்லைப் பார்த்தான். சில்லு கடைக்குள் இருந்தது, கையில் இல்லை.

“எத்தினை சுத்து எண்டும் எழுதியிருக்காய். நான் ஒரு ஆளுக்கும் சொல்லல்ல. ஒளிச்சி வெக்கிறவன் இவ்வளவு வடிவா எழுதப்படாது மனே.” லாச்சியைத் திறந்து இரண்டு நூல்சுருளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “அண்டைக்கு இரவு நான் ஒரு கண் மூடல்ல. தெரியுமா உனக்கு?”

பிறகு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சிவப்பால் இரண்டு வரி எழுதினார். ஒன்றுக்குக் கீழே ஒன்று, ஒரே நீளம்.

நண்டை வைத்தவன் _________.

சான்றிதழைக் கொண்டுவந்தவன் _________.

பேனையைத் திருப்பி அவன் பக்கம் நீட்டினார்.

“இடைவெளி ரெண்டு. பேர் ஒண்டு. எழுது.”